ஜமால் நானாவின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டேன்

ஜமால் நானா போய்விட்டார். காலையில் சுபஹ் தொழுதுவிட்டு வந்து கதிரையில் இருந்தவர்... அப்படியே. மாரடைப்பாம்.

நம் வட்டாரத்தில் அவரைத் தெரியாத வீடு இல்லை. கூரையில் இரண்டு ஸ்பீக்கர் கட்டிய பச்சை ஓட்டோ. நீர் வெட்டு, டெங்குப் புகை, கோயில் திருவிழா, மரண அறிவித்தல்... எல்லாம் அவர் குரலில்தான் நமக்கு வந்தது.

இது நான் ஞாயிறுதோறும் போடும் வட்டாரச் செய்தி இல்லை. பள்ளிக்கூட விறாந்தையில் இருந்து எழுதுகிறேன். அவசரத்தில் எழுதுவதால் எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்றுப் பின்னேரம்தான் தாழமுக்கம், பெரிய காற்று வரும் என்று எச்சரிக்கை வந்தது. கரையோரத்து ஆட்கள் இன்று பொழுதுபடுவதற்குள் வீடுகளை விட்டு எழும்பியாக வேண்டும். உடனே நானாவுக்கு கோல் எடுத்தேன்.

"ஆறு மணிக்கு வண்டி உங்கட வாசல்ல நிக்கும் தங்கச்சி. பேப்பர மட்டும் சின்னதா எழுதுங்க."

அது எங்கள் பழைய சண்டை. இந்த வட்டாரத்துக்குச் சபை மெம்பரான புதிதில் ஒரு நீர் வெட்டு அறிவித்தலை இரண்டு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தேன். என் பெயர், என் அயராத முயற்சி எல்லாம் அதில் இருந்தது. நானா அத்தனையையும் விட்டுவிட்டு, "நாளைக்குத் தண்ணி வராது, இண்டைக்கே பிடிச்சு வைங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டு போனார்.

எனக்கு வந்ததே ஒரு கோபம்! போய்க் கேட்டேன். "அயராத முயற்சிய வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள ஓட்டோ மூண்டு வீடு தாண்டிப் போயிரும்" என்றார். சிரிக்கவும் இல்லை மனுஷன்.

இன்னொரு நாள் அதைவிடப் பெரிய சண்டை. கிளிவெட்டியில் இருந்து இங்கே வந்து குடியிருந்த ஒரு மாஸ்டரின் மரண அறிவித்தல். அதை வாசித்து முடித்த கையோடு, அதே மூச்சில், டெங்குப் புகை அடிக்க வருகிறார்கள் என்பதையும் வாசித்துவிட்டார். அந்த வீட்டாட்கள் என்னிடம் வந்து கத்தினார்கள். நான் நானாவிடம் போய்க் கத்தினேன்.

"செத்த வீட்டுக் கதையோட புகை அடிக்கிற கதையையும் சேர்ப்பீங்களா? உங்களுக்கு மனச்சாட்சி இல்லையா?"

"சாவு எண்டாத்தான் சனம் வாசல் கேட்டடிக்கு வருது. மத்ததுக்கெல்லாம் டீவி சத்தத்தக் கூட்டுது. நான் என்ன செய்ய?"

இனிமேல் அப்படிச் செய்யக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். "ஓம் தங்கச்சி" என்றார். பிறகு ஒருநாளும் செய்யவில்லை.

இன்று ஆறு மணிக்கு ஓட்டோ வரவில்லை. அவர் வீட்டில் இருந்து கோல்தான் வந்தது.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அவர் வீட்டில் கிடத்தியிருந்த மையித்துக்கு முன்னால் நின்றபோது எனக்கு முதலில் அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது. இனி யார் போய்ச் சொல்வது? ஏற்கெனவே இரண்டு தரம் எழும்பச் சொல்லி, காற்று வராமல் ஒரு இலைகூட அசையவில்லை. இப்போது எச்சரிக்கை என்றாலே கரையோரத்தில் சிரிக்கிறார்கள். காலையில் கடல் சேறாகக் கிடந்ததைப் பார்த்துவிட்டுத்தான் நானா வீட்டுக்குப் போயிருந்தேன். மூதூர்ப் படகையும் நிறுத்திவிட்டார்கள்.

நானாவின் மனைவி பௌசியா ராத்தாவுக்குப் பக்கத்தில் இருந்து கேட்டேன். ராத்தா, நானாவின் பெயரைச் சொல்லி ஆட்களைக் கூப்பிடட்டா?

அழுது வீங்கிய முகத்தோடு என்னைப் பார்த்தா. பிறகு ஆணியில் தொங்கிய ஓட்டோத் திறப்பை எடுத்துத் தந்தா. "அவர்ட பேரச் சொல்லுங்க. பேரச் சொன்னா வருவாங்க."

ராத்தாவின் தம்பிதான் ஓட்டினார். நான் பின்னால் மைக்கோடு. எது செய்யக்கூடாது என்று நானாவிடம் கத்தினேனோ, அதையே செய்தேன்.

"எங்கட ஜமால் நானா மௌத்தாகிவிட்டார். ளுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். அவரைப் பார்க்க வாறவர்கள் பிள்ளைகளையும் அடையாள அட்டையையும் கையோட கொண்டு வாங்கோ. பின்னேரம் காற்று வருது. திரும்பி வீட்டுக்குப் போகாதேங்கோ. பக்கத்தில பள்ளிக்கூடம் திறந்திருக்கு."

ஐயோ, எப்படி ஓடி வந்தார்கள்! "எங்கட நானாவா? நேற்றுக்கூடக் கண்டனான்..." என்று ஒரு பெண் ஓட்டோவைப் பிடித்துக்கொண்டு அழுதா. ஒவ்வொரு சின்னத் தெருவாக, ஒழுங்கை ஒழுங்கையாகச் சனம் கேட்டடிக்கு வந்தது. பையைக் கட்டியது. பிள்ளைகளைத் தூக்கியது.

கடைசி ஒழுங்கையில், கடலோடு ஒட்டிய அந்த ஒன்பது வீட்டில், எனக்கு ஏலாமல் போய்விட்டது. மைக்கை வாயில் வைத்தால் அவர் பெயர் வரவில்லை, அழுகைதான் வந்தது. காற்று வருது, பள்ளிக்கூடத்துக்கு வாங்கோ என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். ஒரு கேட்டும் திறக்கவில்லை. உள்ளே டீவிச் சத்தம் கேட்டது.

அடக்கம் முடிந்துவிட்டது. இப்போதுதான் இங்கே வந்தவர்களின் பெயர்களைப் பார்த்தேன். மற்ற ஒழுங்கைகள் எல்லாம் வந்துவிட்டன. அந்த ஒன்பது வீட்டில் ஒருவரும் இல்லை. போனும் எடுக்கிறார்கள் இல்லை.

மழை தொடங்கிவிட்டது. தென்னை எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. உண்மையாகவே பயமாக இருக்கிறது.

அங்கே யாருக்காவது சொந்தக்காரர் இருந்தால் உடனே கோல் எடுங்கள். காற்றைச் சொல்லாதீர்கள். நானா மௌத்து என்று சொல்லுங்கள்.

ராத்தாவின் தம்பி ஓட்டோவை ஸ்டார்ட் பண்ணிவிட்டார். நானும் போகிறேன்.

நானா... இன்னொரு தரம் உங்கள் பெயரைச் சொல்லப்போகிறேன். இந்த முறை அழமாட்டேன்.

போயிட்டு வாங்கோ, நானா.