கல்குவாரியில் இரண்டாவது டைவ்

குருவிகுளம் பக்கம் ஒரு கல்குவாரியில், தண்ணீர் தேங்கிய பழைய குழிக்குள் டிப்பர் லாரி சரிந்துவிட்டதாகக் காலையில் போன் வந்தது. டிரைவர் உள்ளேயே சிக்கிவிட்டார். சங்கரன்கோவிலிலிருந்து நானும் காதரும் முக்குளிப்பதற்கான காற்றுச் சிலிண்டர்களை வேனில் ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, டிரைவர் உயிரோடு இருக்க வழியில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. உடலையாவது எடுத்துக் கொடுக்க வேண்டும்.

காதர் கடையநல்லூர்க்காரர். வளைகுடாவில் பல வருஷம் கப்பல்களின் அடிப்பகுதியைச் சோதித்தவர். வாட்ச், ஆழம் காட்டும் முள் வைத்த டெப்த் கேஜ், எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று பிளாஸ்டிக் அட்டையில் அச்சிட்ட டைவ் டேபிள், குறித்துக்கொள்ள ஒரு சிலேட்டு. அவருக்கு அவ்வளவு போதும். நான் மணிக்கட்டில் டைவ் கம்ப்யூட்டர் கட்டுகிறவன். டேபிள் முழு நேரத்தையும் அதிக ஆழத்திலேயே கழித்ததாகக் கணக்கு வைக்கும். கம்ப்யூட்டர் நொடிக்கு நொடி ஆழம் பார்ப்பதால் கூடுதல் நேரம் தரும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

இருவரும் இறங்கிய முதல் டைவ் இருபத்தேழு மீட்டர், இருபது நிமிடம். கலங்கல் தண்ணீர், நீட்டிய கை தெரியவில்லை. லாரி கிடைக்கவில்லை. மேலே வந்ததும் என் கம்ப்யூட்டர் அணைந்துபோனது. பையிலிருந்த இன்னொன்றை எடுத்துக் கட்டினேன். கீழே இருக்கக்கூடிய முழு நேரத்தையும் அது காட்டியது. புது சிலிண்டரை மாட்டினேன்.

காதர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அந்த மெஷினுக்கு நீரு இன்னும் தண்ணியிலயே இறங்கல வே. உம்ம உடம்புக்குத் தெரியும்."

சுருக்கென்றது. முதல் டைவில் சுவாசித்த காற்றிலிருந்து உடம்பில் ஊறிய நைட்ரஜன் இன்னும் வெளியேறவில்லை. அதற்கு மேல் முழு நேரமும் கீழே நின்றுவிட்டு ஏறினால் அது குமிழாகி முதுகுத்தண்டைப் பிடிக்கும். கால் விளங்காமல் போகலாம்.

காதர் சிலேட்டில் இருந்த ஆழத்தையும் நேரத்தையும் டேபிளில் வைத்துப் பார்த்தார். உடனே இறங்கினால் சில நிமிடங்கள்தான். லாரியைத் தேடவே போதாது. மூன்று மணி நேரம் பொறுத்தால் பதினான்கு நிமிடம் கிடைக்கும்.

பொறுப்பிலிருந்த அதிகாரி முகம் சுளித்தார். டிரைவரின் தம்பி என் எதிரே வந்து நின்றார்.

"அண்ணாச்சி, அவன் உள்ள கெடக்கான். நீங்க கரையில உக்காந்திருக்கிய."

கோபமாகச் சொல்லவில்லை; அதுதான் என்னைக் குத்தியது. மூன்று மணி நேரம் கழித்து இறங்குவோம், இன்றைக்கே வெளியே கொண்டுவருவோம் என்றேன். அவர் பாறையில் போய் உட்கார்ந்தார். அந்த மூன்று மணி நேரத்தில் கிரேனை விளிம்புக்குக் கொண்டுவரச் சொல்லி, லாரி சரிந்த தடத்தை வைத்துத் தேடும் இடத்தைச் சுருக்கினோம்.

இரண்டாவது தடவை காதரின் கேஜையும் வாட்சையும் நம்பியே அவரோடு இறங்கினேன். ஒன்பதாவது நிமிடத்தில் என் கை டயரில் பட்டது. கதவு திறக்கவில்லை. கம்பி வைத்து நெம்பினேன், அசையவில்லை. இன்னும் ஒரு தடவை நெம்பலாம் என்று குனிந்தபோது காதர் வாட்சை என் முகக்கண்ணாடி அருகே நீட்டினார். பன்னிரண்டு நிமிடம் ஆகியிருந்தது. கதவை விட்டுவிட்டு, கிரேனின் இரும்புக் கயிற்றை இருவரும் பின் அச்சில் மாட்டினோம். பதினான்காவது நிமிடம் ஏறத் தொடங்கி, நைட்ரஜன் வெளியேற ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நின்று வந்தோம்.

பொழுது சாயும் முன் கிரேன் லாரியை இழுத்துவிட்டது. தம்பிதான் முதலில் கதவருகே போனார்.

இன்றும் கம்ப்யூட்டர் கட்டுகிறேன், நல்ல கருவி. கூடவே கேஜும் டேபிளும் எடுத்துப் போகிறேன். ஒவ்வொரு டைவின் ஆழத்தையும் நேரத்தையும் என் கையால் எழுதுகிறேன். இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: கருவி அணைந்த பிறகும் உங்கள் கணக்கு உங்களிடம் இருக்க வேண்டும். கரையில் யார் அழுதாலும் அந்தக் கணக்கை மாற்றக் கூடாது.