வயிற்று சிஸ்டர் வீட்டில் கேட்காத கேள்வி

அறுவை சிகிச்சை வார்டில் எல்லோருக்கும் அவர் வயிற்று சிஸ்டர். இருபத்திரண்டு வருஷமாக வயிற்று வலிக்காரர்களோடுதான் அவருக்குப் பிழைப்பு. கை வைப்பதற்கு முன் ஒருமுறை இருமச் சொல்வார். இருமும்போது நோயாளி எந்த இடத்தைப் பொத்திக்கொள்கிறாரோ, அதைக் கடைசியாகத்தான் தொடுவார். அமுக்கும்போது பார்ப்பது வயிற்றை அல்ல, முகத்தை. வலியே இல்லை என்று வாய் சாதிக்கும், புருவம் காட்டிக்கொடுத்துவிடும்.

கூச்சநாச்சம் இல்லாமல் கேள்வி கேட்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. எத்தனை தடவை போனது, தண்ணீராகவா கெட்டியாகவா, என்ன நிறம்? கருப்பு என்று சொல்லிவிட்டால், இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று அடுத்த கேள்வி தயாராக இருக்கும். அந்த மாத்திரைக்கும் மலம் கருக்கும். மாத்திரை இல்லாமலே தார் மாதிரி போனால், உள்ளே எங்கோ ரத்தம் கசிகிறது என்று அர்த்தம்.

வீட்டில் மட்டும் இந்தக் கேள்விகளுக்குத் தடை. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் பழக்கதோஷத்தில் ஆரம்பித்துவிட, மகள் தட்டோடு எழுந்து போய்விட்டாள். டியூட்டி முடிந்துவிட்டது சிஸ்டர் என்று கணவர் சிரித்தார். அன்றோடு கேட்பதை விட்டார்.

கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். கிளட்ச் மிதித்து மிதித்து இடது முழங்கால் வீங்கிக் கிடந்தது. விடியற்காலையில் வெறும் டீயோடு ஒரு வலி மாத்திரையை விழுங்கிவிட்டு வண்டியை எடுப்பார். சாப்பிட்ட பிறகு போடுங்கள் என்று மனைவி சொன்னால் தலையாட்டுவதோடு சரி.

ஒரு நாள் மாடிப்படி ஏறி வந்தவருக்கு மூச்சு வாங்கியது. சிஸ்டர் கீழிமையை இழுத்துப் பார்த்தார், வெளுத்திருந்தது; உடம்பில் ரத்தம் குறைந்திருக்கிறது. எதனால் என்று யோசிக்காமல், சோதித்துப் பார்க்கச் சொல்லாமல், தானே ஓர் அட்டை இரும்புச் சத்து மாத்திரை வாங்கி வந்தார். வார்டில் வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார். கருப்பாகப் போகும், பயப்படாதீர்கள் என்று சொல்லி, தண்ணீரும் எடுத்துக் கொடுத்தார்.

மூன்று வாரம் கழித்து, பிள்ளைகளை இறக்கிவிட்ட கையோடு மனிதர் பள்ளி வாசலிலேயே மயங்கி விழுந்தார். ஸ்ட்ரெச்சரில் அவரைத் தன் வார்டுக்கே கொண்டுவந்தபோது சிஸ்டர்தான் முதலில் ஊசியை எடுத்தார்; இரண்டு முறை குத்தியும் நரம்பு கிடைக்கவில்லை. கூட வேலை செய்யும் இளம் நர்ஸ்தான் ஊசியை வாங்கி ஏற்றினாள். பிரஷர் இறங்கிக்கொண்டே போனது. அவள் கேட்ட கேள்விகளுக்குக் கணவர் முனகலாகப் பதில் சொன்னார். கருப்பாகத்தான் போகிறது, அது சத்து மாத்திரையால்தான் என்றார். அவளும் கேஸ் ஷீட்டில் அப்படியே எழுதப் போனாள்.

சிஸ்டர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“நான் மாத்திரை குடுக்கறதுக்கு முன்னாடி என்ன நிறம்?”

கணவர் பார்வையைக் கூரைக்குத் திருப்பிக்கொண்டார்.

“அதுக்கு ஒரு வாரம் முன்னாடியே கருப்புதான்.”

“ஏங்க எங்கிட்ட சொல்லல?”

“சொல்லணும்னுதான் இருந்தேன். பயமா இருந்துச்சு. நீயே பயப்படாதீங்கன்னு சொன்னதும் நிம்மதியாயிடுச்சு.”

சிஸ்டருக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. பேனாவை வாங்கி, மாத்திரைக்கு ஒரு வாரம் முன்பிருந்தே கருப்பு என்று எழுதினார். அதன் கீழே, சோதிக்காமல் சத்து மாத்திரை கொடுத்தது மனைவி, இதே வார்டு செவிலியர் என்றும் எழுதினார். அதைப் படித்த பெரிய டாக்டர் அடுத்த நிமிஷமே வாய் வழியாகக் கேமரா குழாய் இறக்கிப் பார்க்க ஏற்பாடு செய்தார். இரைப்பையில் புண்; வெறும் வயிற்றில் போட்ட வலி மாத்திரை செய்த வேலை. ரத்தக் கசிவை அடைத்தார்கள், ஆள் பிழைத்தார்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் கேஸ் ஷீட்டைப் புரட்டிய டாக்டர், சிஸ்டர் தன்னைப் பற்றி எழுதிய அந்த வரி அவசியமில்லை, அடித்துவிடலாமே என்று மெதுவாகச் சொன்னார்.

“இருக்கட்டும் டாக்டர்,” என்றார் சிஸ்டர். “வேற யாரு குடுத்திருந்தாலும் எழுதியிருப்பேன்.”