மூன்றாவது கைக்குப் பிறகு

வார்டில் பச்சைப் போர்வையைப் பார்த்தால் இன்றும் என் வலது மணிக்கட்டு ஞாபகம் வரும். ஒருநாள் அதைக் கறுத்த விரல்கள் இறுகப் பிடித்தன. காடாம்புலியூரில் முந்திரிக்கொட்டை உடைத்து உடைத்து, அதன் தோலிலிருந்து வரும் எண்ணெய் பட்டுக் கறுத்த விரல்கள். அந்த அக்காவுக்குக் கல்லீரலில் சீழ்க்கட்டி. மருத்துவ மாணவர்களான எங்களுக்கோ இறுதியாண்டுப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. 'நல்ல கேஸ், விட்டுடாதீங்க' என்ற செய்தி விடுதிவரை பரவியிருந்தது. பெரிய டாக்டர் வருமுன்பே போய், வயிற்றை அழுத்திப் பார்த்துக் குறித்துக்கொள்வது எங்கள் வழக்கம். அன்று காலை முதலில் அழுத்தியவள் நான்தான். அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர் ஒவ்வொருவராக அழுத்திப் பார்க்கச் சொன்னார். ஒன்பதாவது ஆள் நான். கை வைக்கப் போனபோதுதான் அக்கா மணிக்கட்டைப் பிடித்தார். கோபமே இல்லாமல் கேட்டார்.

"காலையில நீ அமுக்குன எடமே இன்னும் விண்ணு விண்ணுன்னு வலிக்குது. இன்னும் எத்தினி பேரும்மா இருக்கீங்க?"

திரும்பி எண்ணினேன். ஆறு பேர். போர்வையை இழுத்து அவர் வயிற்றை மூடினேன்.

"தொட்டுப் பாக்காம எப்படிம்மா டாக்டராவ?" என்றார் பெரிய டாக்டர்.

"காலையிலயே பாத்துட்டேன் சார். இனிமே தொட மாட்டேன். அவுங்களுக்கு வலிக்குது."

வெளியே போகச் சொன்னார். போனேன். மறுநாள் பார்வையாளர் நேரத்தில் போய் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீயாச்சும் மூடி வுட்டியே" என்றார்.

பெரிய டாக்டருக்கு மன்னிப்புக் கடிதம் கொடுத்தால்தான் பரீட்சை எழுதலாம் என்றார்கள் கல்லூரியில். அப்பா புவனகிரியிலிருந்து ஓடிவந்து, கொடுத்துவிடு என்று என்னிடம் கெஞ்சினார். கேட்க வேண்டியவரிடம் கேட்டாயிற்று என்று சொல்லிவிட்டேன். அந்தப் பரீட்சையை எழுத விடவில்லை; அடுத்ததுவரை ஆறு மாதம் போயிற்று, வீம்புக்காரி என்ற பெயரும் வந்தது. இருக்கட்டும். தொடாமல் வைத்தியம் கற்க முடியாது என்பது எனக்கும் தெரியும். அதற்காக ஒரே காலையில் ஒரே வலியின்மேல் பதினைந்து பேர் கற்க வேண்டுமா?

இப்போது கடலூரில் நானே மாணவர்களை அழைத்துக்கொண்டு ரவுண்ட்ஸ் போகிறேன். வலிக்கிற வயிற்றில் மூன்றே கைகள், அதுவும் அனுமதி கேட்ட பிறகு. "உங்க பசங்க பரீட்சையில கோட்டை வுடப் போறாங்க மேடம்" என்று உடன் வேலை செய்யும் டாக்டர்கள் சிரிக்கிறார்கள். விட்டால் ஆறு மாதம். நானும் அந்த ஆறு மாதத்தை இழந்தவள்தான், ஒன்றும் செத்துப்போகவில்லை. மூன்றாவது கை விலகியதும், யாருடைய முகத்தையும் பார்க்காமல் போர்வையை இழுத்து மூடிவிடுகிறேன்.