கோரா கொண்டு வந்தது

எங்கள் வகுப்பில் வீட்டில் இறகு இல்லாத ஒரே பிள்ளை நான்தான். எங்கடின் மலைப்பள்ளத்தாக்கில் நாங்கள் இருந்த கிராமத்தில் இலையுதிர்காலம் வந்துவிட்டால் பிள்ளைகளின் வாயில் வேட்டைக் கதை தவிர வேறு கதை வராது. ஒருத்தியின் அப்பா மான் சுட்டிருப்பார், இன்னொருவனின் மாமா மலைமுயல் சுட்டிருப்பார். எல்லாவற்றுக்கும் மேலே பிர்க்கான். கறுப்புக் காட்டுச்சேவல். அதன் வால் இறகு நுனியில் வெளிப்பக்கமாக வளைந்திருக்கும். அதைத் தொப்பியில் குத்திக்கொண்டு வந்தவனோடு அன்றைக்கு முழுக்கக் கதைக்க முடியாது, அவ்வளவு தலைக்கனம். என் அப்பா ஹோட்டல் குசினியில் வெங்காயம் வெட்டுகிறவர். வெங்காயத்தாளைத் தொப்பியில் குத்திக்கொண்டா பள்ளிக்கூடம் போவது?

ஆனால் எங்களிடம் கோரா இருந்தாள். எங்களிடம் என்றால் முழுதாக எங்களுடையவள் இல்லை. அப்பாவின் குசினிக்குத் தலைவரான, எல்லாரும் ஷெஃப் என்று கூப்பிடுகிற மனிதரின் வேட்டைநாய் அவள். சொரசொரப்பான பழுப்பு மயிர், நாடியில் தாடி. ஒளிந்திருக்கிற பறவையை மோந்து காட்டுவாள், ஏரியில் நீந்திப்போய் வாத்தை எடுத்து வருவாள், காயப்பட்ட மானின் இரத்தச் சுவட்டைப் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் போவாள். நாலு நாயின் வேலையை இவள் ஒருத்தி செய்கிறாள் என்று ஷெஃப் ஊரெல்லாம் பெருமையடிப்பார். அப்பாவும் குசினியில் நாலு ஆளின் வேலையைத்தான் செய்தார், அதை யாரும் ஊரில் சொன்னதாக ஞாபகம் இல்லை.

ஷெஃப் அடுப்படியில் நிற்கும் நேரம் கோராவை நடத்திக்கொண்டு போவது அப்பாவின் வேலை. நடந்து முடிய அவளை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுக் குசினிக்கு ஓடுவார். எங்கள் வீட்டில்தான் அவளுடைய படிப்பு கெட்டது. கோராவுக்கு எதையாவது வாயில் கவ்வாமல் இருக்க ஏலாது. என் சொக்ஸ், அப்பாவின் கையுறை, ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரியின் செருப்பு. எதைக் கொண்டு வந்தாலும் அம்மா இரண்டு கையையும் நீட்டி, "கொண்டா பிள்ளை, கொண்டா" என்பார். கோரா முன்னால் வந்து குந்தியிருந்து, பக்குவமாகக் கையில் வைப்பாள். உடனே ஒரு துண்டு தேங்காய்ப்பூ ரொட்டி. ஷெஃப் வருஷக்கணக்காகப் பாடுபட்டுப் பழக்கியதை அம்மா ஒரே கோடைகாலத்தில் ரொட்டியால் மாற்றிவிட்டார். நாய் ஏன் கொழுக்கிறது என்று ஷெஃப் கேட்டபோது அப்பா மலைக்காற்று என்றார்.

நவம்பரில் ஹோட்டல் பூட்டியிருக்கும். பனிச்சறுக்குக்கு ஆட்கள் வரும்வரை குசினிக்காரருக்கு ஓய்வு, ஷெஃபுக்கு வேட்டை. நான் நாலாம் வகுப்புப் படித்த அந்த வருஷம், 2012 ஆக இருக்கவேண்டும், அவர் அப்பாவையும் கூப்பிட்டார். மகளையும் கூட்டிக்கொண்டு வா என்றார். நான் கதிரைக்கு மேலே ஏறிக் குதித்தேன். ஒரு பிர்க்கான் விழுந்தால் இறகு உனக்குத்தான் என்று அவர் சொல்லியிருந்தார்.

அம்மா கலண்டரைப் பார்த்தார். கந்தசஷ்டியின் ஆறாம் நாள். அந்த வருஷம்தான் அம்மா முதன்முதலாக அந்த விரதம் பிடித்தார். பாலும் பழமும் மட்டும். முகம் வற்றிப்போயிருந்தது.

"சூரன்போர் அண்டைக்கோ உங்களுக்கு வேட்டை?"

"ஷெஃப் கேட்டால் நான் எப்பிடி மாட்டன் எண்டுறது?" என்றார் அப்பா.

கடைசியில் ஒரு சமாதானம் வந்தது. மலையிலிருந்து இறங்கியதும் ஷெஃப் எங்களை நேராக ரயிலடியில் விடுவார், நாங்கள் சூரன்போருக்குக் கோயிலுக்குப் போவோம். ஆகவே அம்மாவும் சீலை உடுத்துக்கொண்டு கூட வருவார், காரிலேயே இருப்பார். ஆனால் ஒரு நிபந்தனை. "செத்தது ஒண்டும் எனக்குக் கிட்ட வரக்கூடாது. வந்தால் ஆறு நாள் பிடிச்சதும் அவ்வளவுதான்." அப்பா முருகன் படத்தைத் தொட்டுச் சத்தியம் செய்தார்.

இந்த விரதம் எதற்கு என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். நான் கெட்டிக்காரியாக வரவேண்டும் என்று அப்பா சொல்லியிருந்தார். எனக்கு அது நியாயமாகவே பட்டது.

விடியும் நேரம் காடு முடிகிற இடத்தில் காரை நிறுத்தினோம். புதுப் பனி முழங்காலளவு. சீலைக்கு மேலே அப்பாவின் தடித்த கோட்டைப் போட்டுக்கொண்டு அம்மா முன் கதவைத் திறந்து வைத்தபடி இருந்தார், மடியில் சின்ன வேல் படமும் பால் போத்தலும். நாங்கள் மேலே ஏறினோம். முன்னால் கோரா. பனிக்குள் மூக்கை விட்டு இடமும் வலமும் ஓடுகிறாள், வால் சுழல்கிறது. எனக்கு நெஞ்சு அடிக்கிற சத்தம் காதுக்குள் கேட்டது. குளிரே தெரியவில்லை.

திடீரென்று கோரா நின்றாள். ஓடிக்கொண்டிருந்தவள் அப்படியே கல்லாகிவிட்டாள். ஒரு முன்கால் மடிந்து தூக்கியபடி, வால் நேராக, தாடியில் பனித்துகள். குட்டைப் பைன்மரப் பற்றையை மட்டும் பார்த்துக்கொண்டு. ஷெஃப் கையை உயர்த்தினார். அப்பா என் தோளைப் பிடித்தார். நான் மூச்சு விடவில்லை, முருகா, முருகா என்று மனதுக்குள் கத்தினேன். அம்மா கீழே கும்பிடுகிற அதே முருகனிடம் நான் மேலே ஒரு சேவலைச் சுட்டுத் தரச்சொல்லிக் கேட்டேன்.

பனி வெடித்தது. கறுப்பாக ஒன்று படபடவென்று எழும்ப, துவக்குச் சத்தம் மலையெல்லாம் முட்டித் திரும்பி வந்தது. நான் "விழுந்திட்டுது, விழுந்திட்டுது!" என்று துள்ளினேன். உண்மையில் அது விழவில்லை, வளைந்த வாலோடு பள்ளத்தாக்குக்கு மேலாக நிம்மதியாகப் போனது. ஷெஃப் பள்ளிக்கூடத்தில் சொல்லக்கூடாத ஒரு சொல்லைச் சொன்னார். ஆனாலும் பறவை காயப்பட்டிருந்தால் தேடாமல் விடக்கூடாது என்பது வேட்டைக்காரரின் சட்டம். "அப்போர்ட்!" என்று, எடுத்துவரச் சொல்லிக் கோராவை அனுப்பினார்.

அவள் பாறைக்குப் பின்னால் மறைந்தாள். நாங்கள் பார்த்துக்கொண்டே நின்றோம். வரவில்லை. பிறகு நாங்கள் எதிர்பாராத பக்கமாக, தலையை உயர்த்திக்கொண்டு, வாய் நிறைய எதையோ பிடித்தபடி வந்தாள். ஷெஃப் ஒரு முழங்காலில் இருந்து கையை நீட்டினார். கோரா அவரைப் பார்த்தாள். மரியாதையாக ஒரு தரம் வாலை ஆட்டினாள். ஆட்டிவிட்டு அவரைத் தாண்டிக் கீழே ஓடினாள்.

அப்பாவுக்குத்தான் முதலில் விளங்கியது. "ஐயோ, ரொட்டி!" என்று கத்திக்கொண்டு பின்னால் பாய்ந்தார். பாய்ந்தவர் சறுக்கி விழுந்து, இருந்தபடியே பாதி மலை இறங்கினார். அவருக்குப் பின்னால் துவக்கோடு ஷெஃப், அவருக்குப் பின்னால் சிரிப்பை அடக்க முடியாமல் நான். என் வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமாக ஓடியதில்லை.

நாங்கள் போய்ச் சேரும்போது அம்மா காரை விட்டு இறங்கி நின்றார். கோரா அவர் முன்னால் குந்தியிருந்தாள். வாயில் பழுப்பு நிறப் பறவை, ஒரு செட்டை தொங்கியது. ஷெஃப் "அவுஸ்!" என்றார். கோரா விடவில்லை. கீழே கை வந்தால்தான் விடுவாள், அப்படித்தான் அம்மா பழக்கியிருந்தார்.

"கையை நீட்டாதையும்! விரதம்!" என்று அப்பா பனிக்குள் இருந்து கத்தினார்.

அம்மா கோராவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இரண்டு கையையும் நீட்டினார். "கொண்டா பிள்ளை."

கைக்குள் வந்ததும் பறவை ஒரு கண்ணைத் திறந்தது.

பிர்க்கான் இல்லை, அதன் பேடு. பேட்டைச் சுடுவது குற்றம் என்பதால் ஷெஃபின் முகம் வெளிறிவிட்டது. தொப்பியைக் கழற்றிவிட்டு, செட்டையை விரித்து, வயிற்று இறகை ஊதி ஊதிப் பார்த்தார். சன்னமும் இல்லை, காயமும் இல்லை. பனிக்குள் பதுங்கிக் கிடந்ததைக் கோரா அப்படியே அள்ளிக்கொண்டு வந்திருக்கிறாள். அம்மா அதைக் கோட்டுக்குள் வைத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"ஒரு பல்லும் படேல்லையோ?" என்று கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "அவரிட்டைக் கேள், இவ்வளவு தூரம் ஒண்டும் ஆகாமல் எப்பிடிக் கொண்டு வந்து சேர்த்தவள் எண்டு."

எங்கள் வீட்டில் நான்தான் மொழிபெயர்ப்பாளர். கடை, பள்ளிக்கூடம், பல் வைத்தியர், எங்கும் நான்தான். அந்த வருஷ வசந்தத்தில் அம்மா வயித்து வருத்தமென்று கூர் நகரத்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மட்டும் என்னைக் கூட்டிக்கொண்டு போகாமல் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டார்கள். அந்தக் கோபம் எனக்கு அப்போதும் ஆறவில்லை. ஆகவே இதை நன்றாகச் செய்துகாட்ட வேண்டுமென்று, அம்மாவின் கேள்வியை ஒரு சொல்லும் விடாமல் ஜெர்மனில் கேட்டேன்.

ஷெஃப் தாடையைச் சொறிந்தார். மெத்தென்ற வாய் என்று ஒன்று இருக்கிறது, அது பிறவியில் வருவது என்றார். நான் அம்மாவுக்குத் திருப்பிச் சொன்னேன். "சில நாய்க்கு அது வருமாம். சிலது எவ்வளவு நல்லதெண்டாலும் கொண்டு வாறது வழியிலை உடைஞ்சு போகுமாம். அது அதின்ரை பிழை இல்லையாம். ஒருத்தற்றை பிழையும் இல்லையாம்."

அம்மா பனியிலேயே குந்திவிட்டார். ஒரு கை கோட்டுக்குள், மற்றக் கையால் கோராவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சத்தமாக அழுதார். கோரா ரொட்டியை எதிர்பார்த்து அவர் முகத்தை நக்கினாள். அப்பா எழும்பி வந்து பக்கத்தில் நின்றார். பிறகு அம்மா கோட்டைத் திறந்தார். பேடு கொஞ்ச நேரம் மடியில் இருந்து யோசித்துவிட்டு, படபடவென்று பைன்மரங்களுக்குள் போய்விட்டது.

கோட்டில் ஒரு பழுப்பு இறகு ஒட்டியிருந்தது. பேட்டின் இறகை யார் தொப்பியில் குத்துவார்கள்? எனக்கு வேண்டாம் என்றேன். அம்மா அதைச் சாமித்தட்டில் மயிலிறகுக்குப் பக்கத்தில் வைத்தார். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

அந்த வசந்தத்தில் ஐந்தாம் மாதத்தில் தங்காமல் போன பிள்ளையைப் பற்றி, நான் வளர்ந்து அதே கூர் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் அம்மா சொன்னார். அன்றைக்கு எனக்கு ஒன்றும் தெரியாது. விரதம் கெட்டுப்போனதால் அம்மா அழுகிறார் என்று நினைத்து, "அது உயிரோடை இருந்ததுதானே அம்மா, விரதம் முறியேல்லை" என்று ஆறுதல் சொன்னேன். மொழிபெயர்ப்பில் ஒரு பிழையும் விடவில்லை என்ற பெருமையோடும், கறுப்பு இறகு கிடைக்கவில்லையே என்ற அழுகையோடும் சூரன்போருக்கு ரயில் ஏறினேன்.