என் சிங்கப்பூர் இங்கிலீஷும் என் மகளும்

எனக்குத் தமிழில் திட்ட வரும். நன்றாகவே வரும். எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளின் குழாயடியில் நின்று நான் வாயைத் திறந்தால் வரிசையில் குடம் வைத்துவிட்டுப் போனவள்கூட ஓடி வந்து தன் குடத்தை நகர்த்திக்கொள்வாள். ஆனால் ஒரு பிள்ளையை மடியில் போட்டுக் கொஞ்சச் சொன்னால் தமிழில் எனக்கு நாக்கு எழும்பாது. அது எனக்கு இங்கிலீஷில்தான் வரும், அதுவும் சிங்கப்பூர் இங்கிலீஷில். இதை வெளியே சொன்னால் சாந்தன்பாறையில் யார் நம்புவார்கள்? திமிர் பிடித்தவள் என்பார்கள். திமிராக இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

என் புருஷன் ஏலத்தோட்டத்தில் நிழல் மரத்துக் கிளை வெட்ட ஏறி, விழுந்து செத்தபோது மகளுக்கு மூன்று வயது. அடுத்த வீட்டில் என் அக்கா. அவளுக்குப் பிள்ளை இல்லை. மகளை அவள் இடுப்பில் ஏற்றிவிட்டு நான் சிங்கப்பூருக்கு வீட்டு வேலைக்குப் போனேன். "பச்சப் பிள்ளைய விட்டுட்டுப் போயிட்டாளே" என்று இன்றைக்கும் கோயில் வாசலில் பேசுகிறார்கள். பேசுகிற எவளும் அன்றைக்கு எங்களுக்கு ஒரு வேளைக் கஞ்சி ஊற்றவில்லை. அதனால் அந்தப் பேச்சை நான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

போகும்போது என்னிடம் இருந்தது தோட்டத்து இங்கிலீஷ். மஸ்டர், சிக், லீவு, ஹாஃப் டே, யெஸ் சார். காலையில் பேர் கொடுக்கவும், காய்ச்சல் என்று சொல்லவும், கங்காணியிடம் தப்பிக்கவும் அது போதும். சிங்கப்பூரில் நான் போய்ச் சேர்ந்தது ஒரு சீனக் குடும்பம். கைக்குழந்தை, பெண் குழந்தை. பிள்ளையிடம் இங்கிலீஷ் மட்டும்தான் பேச வேண்டும், உன் பாஷை அதன் காதில் விழக் கூடாது என்று முதல் வாரமே மேடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். வாயில் இல்லாத இங்கிலீஷை எங்கே போய்ப் பேசுவது? மேடம் புருஷனிடம் பேசுவதையும், சந்தையில் மீன் விற்கிறவள் பேசுவதையும், மாடிப்படியில் அடுத்த வீட்டு வேலைக்காரப் பெண்கள் பேசுவதையும் பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்தேன். நானும் அந்தப் பிள்ளையும் ஒரே வருஷத்தில் பேசப் பழகினோம்.

அந்த இங்கிலீஷ் எனக்குப் பிடித்துப்போயிற்று, பொய் சொல்வானேன். நம்ம ஊர்ப் பேச்சு மாதிரி அதிலும் தேவையில்லாத சுமை கிடையாது. "ஈட் ஆல்ரெடி?" என்றால் சாப்பிட்டாயா என்று அர்த்தம், தீர்ந்தது. முடியும் என்றால் "கேன் லா." முடியாது என்றால் "கேனாட் லா." பிள்ளை விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்தால், "அய்யோ, வை யூ லைக் தட், கம் கம், ஆன்ட்டி சயாங்" என்று இழுத்து அணைத்துக்கொள்வேன். சயாங் என்பது மலாய்க்காரர்கள் வார்த்தை. அன்பு, செல்லம், தடவிக்கொடுப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். பல் முளைத்தது, பள்ளிக்கூடம் போனது, அம்மை போட்டது, எல்லாவற்றுக்கும் நான்தான் பக்கத்தில். ஒரு தாய்க்கு என்னென்ன சொல்லத் தெரிய வேண்டுமோ அத்தனையும் அந்த வீட்டில், அந்தப் பாஷையில், அந்தப் பிள்ளையிடம் சொல்லித்தான் பழகினேன்.

என் மகளிடம் ஞாயிற்றுக்கிழமை போனில் பேசுவேன். சாப்பிட்டியா, படிச்சியா, பெரியம்மா சொல்றதக் கேக்கியா. அந்தப் பக்கம் "ம்" வரும். அப்புறம் போனை அக்காவிடம் கொடுத்துவிட்டு ஓடிவிடுவாள். அக்காவை அவள் அம்மா என்று கூப்பிட்டாள். என்னைச் சிங்கப்பூரம்மா என்றாள். அக்கா திருத்தித்தான் பார்த்தாள், பாவம். பிள்ளைக்கு யார் சோறு ஊட்டுகிறாளோ அவள்தான் அம்மா.

அந்தச் சீனப் பிள்ளை வளர்ந்து பெரிய பள்ளிக்கூடம் போனபிறகு அங்கே என் தேவை தீர்ந்துவிட்டது. ஊருக்கு வந்துவிட்டேன். கொஞ்ச நாள் அந்தப் பிள்ளை வீடியோ காலில் வந்தது. பிறகு பரீட்சை என்றது. பிறகு அந்த நம்பரே போகவில்லை. போனால் போகிறது, பெற்ற மகள்தான் நமக்கு இருக்கிறாளே என்று நினைத்துக்கொண்டேன். என் மகளுக்கு அப்போது பதினேழு வயது.

வந்த மறுநாள் காலையில் அவள் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியில் கை வைத்தேன். என்னை அறியாமல் வாயில் வந்துவிட்டது: "கேர்ள் ஆ, வேக்கப் லா, லேட் ஆல்ரெடி." அவள் திடுக்கிட்டு எழுந்து, போர்வையோடு அடுத்த வீட்டுக்கு ஓடினாள்.

"அம்மா, சிங்கப்பூரம்மா என்னமோ சொல்றாக, வந்து பாரு."

அக்காவுக்கு நீ, எனக்கு நீங்க. மரியாதை பலமாகத்தான் இருந்தது. தமிழில் கொஞ்சிப் பார்க்கலாம் என்று ஒருநாள் "தங்கம், இங்க வாடா" என்று கூப்பிட்டேன். கடன் கேட்க வந்தவள் குரல் மாதிரி அது எனக்கே கேட்டது. அவள் கதவருகே நின்றபடி, "என்ன வேணும் உங்களுக்கு?" என்றாள். ஒன்றும் வேண்டாம், போ என்றேன். என் பேறு அப்படி.

அவள் நர்ஸிங் படித்தாள். மதுரையில் கொஞ்ச காலம் வேலை பார்த்தாள். பிறகு அயர்லாந்துக்குப் போக இங்கிலீஷ் பரீட்சை எழுத வேண்டும் என்று ஊருக்கு வந்து, நெடுங்கண்டத்தில் ஒரு கோச்சிங் சென்டரில் சேர்ந்தாள். அந்தப் பரீட்சையில் ஒரு பகுதி பேச்சு. ஒருவர் நோயாளியாக நடிப்பார், இவள் நர்ஸாக அவரோடு பேச வேண்டும். வீட்டில் பேசிப் பழக ஆள் வேண்டும். லயத்தில் இங்கிலீஷ் தெரிந்தவள் என்னை விட்டால் யார்? ஒரு சாயங்காலம் அவளே வந்து கேட்டாள்.

"நீங்க பேஷண்டா நடிக்கீகளா?"

நடிக்காமல் இருப்பேனா! நான் பூப்பாறைப் பக்கம் ஒரு ரிசார்ட்டில் அறை துடைக்கிற வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வருவேன். அடுப்பங்கரையில் எதிரெதிரே ஸ்டூலைப் போட்டு உட்காருவோம்.

"குட் ஈவினிங். கேன் யூ டெல் மீ வேர் இட் ஹர்ட்ஸ்?" என்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கேட்பாள்.

"ஹியர் லா, சிஸ்டர். வெரி பெயின். லாங் டைம் ஆல்ரெடி."

முதல் நாள் விழுந்து விழுந்து சிரித்தாள். என் மகள் என் எதிரில் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். அந்தச் சிரிப்புக்காக நான் இன்னும் கொஞ்சம் கூட்டியே பேசினேன். அப்புறம் அது விளையாட்டாக இல்லாமல் போயிற்று. "டேக் யுவர் டைம், ஐ ஆம் லிசனிங்" என்று அவள் சொல்லும்போது கண்ணை நேராகப் பார்த்துச் சொல்வாள், அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று சென்டரில் கற்றுக்கொடுத்திருந்தார்கள். எனக்கு அது தெரியும். தெரிந்தும் உள்ளே இருந்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது. வீட்டில் யாரும் என்னோடு பேசுவதில்லை சிஸ்டர், மை டாட்டர் வெரி பிசி, ஷீ கால் அனதர் உமன் மம்மி, நைட் கேனாட் ஸ்லீப் என்று ஒருநாள் சொல்லிக்கொண்டே போனேன். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. அவள் என் கையைத் தட்டிக்கொடுத்து, "ஐ அண்டர்ஸ்டாண்ட், திஸ் மஸ்ட் பி வெரி ஹார்ட் ஃபார் யூ" என்றாள். பிறகு கையை விட்டுவிட்டு, "சூப்பரா நடிக்கீக!" என்றாள்.

சரி, நடிப்பாகவே இருக்கட்டும். அந்தச் சில மாதங்கள்தான் நான் இந்த ஊருக்குத் திரும்பி வந்ததற்கு எனக்குக் கிடைத்த பலன். அவளும் கொஞ்சம் கொஞ்சமாக என்னை மாதிரிப் பேசினாள். "கேன் லா" என்று தலையை ஆட்டுவாள். "மொதல்ல ஈட், தென் ஒன்லி பேஷண்ட்" என்று தட்டை என் பக்கம் தள்ளுவாள். எனக்கு வயிறு குளிர்ந்துபோகும். பாஷை வழியாகவாவது என் பிள்ளை என்னிடம் வந்துவிட்டாள் என்று மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினேன், மடச்சி.

பரீட்சையில் எழுத்து, வாசிப்பு எல்லாம் தேறினாள். பேச்சில் போய்விட்டது. சென்டரில் வாத்தியார் எல்லார் முன்னாலும் அவளை எழுப்பிவிட்டுப் பேசச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அந்த ஆளை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். என்ன விஷயமாக வந்தீர்கள் என்று ஒருத்தர் கேட்டதற்கு, சும்மா வந்தேன் என்பதை "சிம்ப்ளி கேம்" என்று சொன்னவர். அவரவர் ஊர் மண் அவரவர் இங்கிலீஷில் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. அவர் மண் மட்டும் சந்தனம் போலிருக்கிறது.

மகள் சாயங்காலம் வந்து பையைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"ஒங்க இங்கிலீஷ் எனக்கு ஒட்டிக்கிருச்சு."

"என்னடி சொன்னான் அந்தாளு?"

"வீட்ல யாரும் சிங்கப்பூர்ல மெய்டா இருந்தாகளான்னு கேட்டாரு. இது வேலக்காரி இங்கிலீஷாம். கிளாஸே சிரிச்சுச்சு."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "ஆமா, வேலக்காரிதான். அந்த வேலக்காரி இங்கிலீஷ்லதான்டி நீ நர்ஸு படிச்ச! போய்ச் சொல்லு அவங்கிட்ட!"

அவள் திருப்பிச் சண்டை போட்டிருக்கலாம். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். அக்காவிடம் என்றால் போட்டிருப்பாள். என்னிடம் போடவில்லை. மெதுவாக, வெளியாளிடம் சொல்வது போலச் சொன்னாள்.

"நான் ஒங்கள ஒண்ணும் கொற சொல்லல. இனிமே எங்கிட்ட இங்கிலீஷ் பேசாதீக. தயவுசெஞ்சு. பேசணும்னா தமிழ்லயே பேசுங்க."

தமிழில் நான் என்னத்தைப் பேச? அடுத்த நாளிலிருந்து ஸ்டூல்கள் சுவரோரம் போயின. அவள் போனில் யாரோ வெள்ளைக்காரி பேசுவதைக் காதில் மாட்டிக்கொண்டு, திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகினாள். நான் காப்பி கொண்டுபோய் வைப்பேன். வாயில் "டிரிங்க் லா, ஹாட் ஹாட்" என்று வந்து நிற்கும். விழுங்கிக்கொள்வேன். "காப்பி" என்பேன். "வச்சிட்டுப் போங்க" என்பாள். ஒரு வீட்டுக்குள் தாயும் பிள்ளையும் அந்த மட்டில் இருந்தோம். வாய் இருந்தும் ஊமை. சமயத்தில் ரிசார்ட்டில் காலி அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, படுக்கை விரிப்பை உதறியபடி தலையணையிடம் பேசியிருக்கிறேன். யாராவது பார்த்திருந்தால் பைத்தியம் என்றிருப்பார்கள். அப்படி ஒன்றும் பெரிய வித்தியாசம் இல்லை.

அடுத்த முறை தேறிவிட்டாள். அக்கா லயம் முழுக்க லட்டு கொடுத்தாள். நான் சந்தோஷப்படவில்லை என்றால் பாவம். சந்தோஷப்பட்டேன். ஆனால் இவள் போகப் போகிறாள், எனக்கு இன்னும் மகளாகவே ஆகவில்லையே என்று நெஞ்சுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. போவதற்குள் ஒருதரம், ஒரே ஒருதரம், அக்காவிடம் பேசுவது போல என்னிடம் பேசிவிட மாட்டாளா என்று காத்துக் கிடந்தேன்.

நெடும்பாசேரி ஏர்போர்ட்டுக்குப் போகக் கார் வந்து பாதையில் நின்றது. அக்கம்பக்கத்து ஜனம் எல்லாம் கூடிவிட்டது. உபதேசியார் ஜெபம் பண்ணி முடித்தார். காரில் அவளோடு அக்கா புருஷன் மட்டும் போவதாக ஏற்பாடு. மகள் அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே திட்டினாள்.

"ஏய் அம்மா, பிரஷர் மாத்திரைய ஒழுங்கா முழுங்கு. நான் இல்லன்னு ஏமாத்துன, வந்து மிதிப்பேன் பாத்துக்க. ஊறுகாயத் தொட்டேன்னு கேள்விப்பட்டேன், செத்த நீ!"

அக்கா பதிலுக்கு, "போடி கழுத, நீ ஒழுங்கா தின்னு மொதல்ல" என்று முந்தானையால் அவள் மூக்கைத் துடைத்துவிட்டாள். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் வராது வராது என்று கிடந்தேனே, தமிழில் கொஞ்சுவது, அது இதுதான். திட்டுவதுதான் கொஞ்சுவது. எனக்கும் எத்தனை வசவு தெரியும்! ஆனால் அப்படித் திட்ட ஒரு உரிமை வேண்டும். கூடவே கிடந்து சம்பாதிக்க வேண்டியது அது. எனக்கு அது கிடையாது. நான் திட்டினால் அது வெறும் திட்டாகத்தான் அவள்மேல் விழும்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் வந்தாள். ஜனம் பார்க்கிறது. தமிழில் ஏதோ தேடினாள் என்றுதான் நினைக்கிறேன். கிடைக்கவில்லை போலிருக்கிறது. என் இரண்டு கையையும் எடுத்துப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தும் சுத்தமாக விழ, நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்.

"தேங்க் யூ ஃபார் எவ்ரிதிங் யூ ஹேவ் டன் ஃபார் அஸ். ப்ளீஸ் டேக் கேர் ஆஃப் யுவர்செல்ஃப்."

சிங்கப்பூரில் கடைசி நாள் மேடம் வாசலில் நின்று என் கையைப் பிடித்துச் சொன்னதும் ஏறக்குறைய இதுவேதான். தலையை மட்டும் ஆட்டினேன். அவள் காரில் ஏறிவிட்டாள்.

எனக்குப் பின்னால் நின்ற எதிர்வீட்டுக்காரி வாயில் கை வைத்துக்கொண்டு இன்னொருத்தியிடம் சொன்னாள்.

"கேட்டியாக்கா, ஆத்தாளும் மகளும் இங்கிலீசுலல்லா பேசிக்கிடுறாக! குடுத்து வச்சவ."

நான் திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தேன்.