துருப்பிடிக்காத பூட்டு

தெருவில் அவளுக்குக் கன்டெய்னர் அக்கா என்று பெயர். வைத்தவர்கள் கிண்டலுக்குத்தான் வைத்தார்கள். அக்கா இன்றுவரை ஒரு முழுக் கன்டெய்னரை நிரப்பியது கிடையாது. யாரோ பெரிய முதலாளி சீனாவிலிருந்து சோபாவும் அலமாரியுமாக ஏற்றிவரும் கன்டெய்னரில் மூலையில் கொஞ்சம் இடம் மிஞ்சும். அந்த மூலைக்கு வாடகை கொடுத்துத் தன் அட்டைப்பெட்டிகளைச் செருகிக்கொள்வாள். மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆளாக ஒண்டுகிற பிழைப்பு என்று அவளே சொல்வாள். இருந்தாலும் கப்பலில் வருகிற சரக்கு அல்லவா, கிண்டலுக்கு வைத்த பெயரைப் பட்டம்போல ஏற்றுக்கொண்டுவிட்டாள்.

கடை என்பது ஒரே ஒரு ஷட்டர். ஒட்டினாற்போல் தையல்காரர் கடை, எதிரே மருந்துக்கடை. கடையில் கொள்ளாத சரக்கெல்லாம் வீட்டுக்கு வரும். கட்டிலுக்கு அடியில் குடைகள், டிவிக்கு அடியில் டார்ச்சுகள். பிளாஸ்க் பெட்டிகளைச் சேர்த்துவைத்து மேலே ஒரு பலகை போட்டால் அதுதான் சாப்பாட்டு மேசை. பிளாஸ்க் நன்றாக விற்ற மாதங்களில் குடும்பம் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டது. அவள் கணவர் பள்ளி வேன் ஓட்டுபவர். இடியே விழுந்தாலும் "பாத்துக்கலாம்" என்பார். அவர் இதுவரை எதையும் பார்த்துக்கொண்டதாகச் சரித்திரம் இல்லை.

அந்தக் குறையை ஈடுகட்டத்தான் கடவுள் அவருக்கு ஒரு தங்கையைக் கொடுத்திருந்தார் போலும். பக்கத்துச் சந்தில் குடியிருந்தாள். நாத்தனாருக்கு நாக்கு கொஞ்சம் நீளம். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவாள்.

"ஏன் அண்ணி, இந்த வீட்ல உக்காரணும்னா எது வித்து முடியணும்? குடையா, டார்ச்சா?"

அக்கா சிரித்துக்கொண்டே காபி கொடுப்பாள். உள்ளே வேகும். வியாபாரம் தொடங்கிய நாளிலேயே, "சீனாக்காரன் ஒருநாள் உங்களை நடுத்தெருவுல நிறுத்தப்போறான் பாருங்க" என்று சொன்னவள் அவள். அந்த ஒருநாள் வந்துவிடக் கூடாது என்பதுதான் இத்தனை வருடமும் அக்காவின் வைராக்கியம்.

சீனாவில் அவளுக்கு இருந்த ஒரே உறவு, தொழிற்சாலையில் ஆர்டர் எடுக்கும் ஒரு பெண். தங்கச்சி என்றுதான் அழைப்பாள். இவள் போனில் தமிழில் பேசுவாள், போன் அதைச் சீனமாக்கி அனுப்பும். அங்கிருந்து பதில் ஒரு ரோஜாப்பூப் படத்தோடு வரும். முகம் பார்த்ததில்லை. ஆனால் தங்கச்சிக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கியதுவரை அக்காவுக்குத் தெரியும்.

ஆர்டர் கொடுப்பதில் அக்காவுக்கு ஒரு வேதவாக்கு இருந்தது: எல்லாம் ஒரே மாதிரி. ஒருமுறை ஆசைப்பட்டு டார்ச்சைப் பல நிறத்தில் வரவழைத்தாள். கறுப்பு பறந்துபோயிற்று. ஊதா நிறத்தை ஒரு குஞ்சு குளுவான்கூடத் தொடவில்லை. இரண்டு வருடம் வீட்டில் எந்த இழுப்பறையைத் திறந்தாலும் ஊதா டார்ச் உருண்டது. சூடு கண்ட பூனை ஆனாள். அதற்கப்புறம் தங்கச்சி நிறம் கேட்டாலும், அளவு கேட்டாலும், மூடி கேட்டாலும் ஒரே பதில்தான். அதில் விலையும் குறையும்.

அப்படியிருக்கையில்தான் பூட்டு வந்தது. மாதிரிக்கு ஒன்று அனுப்பியிருந்தாள் தங்கச்சி. கையில் வைத்தால் கனமாக, வெள்ளிபோல மின்னியது. அக்கா அதைச் சுத்தியலால் அடித்தாள். மாடிப்படியிலிருந்து உருட்டினாள். கடைசியில் ஒரு பிளாஸ்டிக் குவளையில் உப்புத் தண்ணீர் ஊற்றி அதில் போட்டு ஜன்னலில் வைத்தாள். நாட்கள் போயின, ஒரு புள்ளி துரு இல்லை. ஒற்றைப் பூட்டாகப் பார்த்தால் அதில் குற்றம் சொல்ல ஒன்றுமே இல்லை.

ஆர்டர் போடும்போது தங்கச்சி கேட்டாள்: சாவி ஒவ்வொரு பூட்டுக்கும் வேறு வேறா, எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரியா? ஒரே மாதிரி என்றால் விலை குறைவு. அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. சாவி அழகாக இருந்தால் என்ன, அசிங்கமாக இருந்தால் என்ன என்று நினைத்தாள் அக்கா. "எல்லாம் ஒரே மாதிரி" என்று போனில் சொல்லிவிட்டுப் பாலை இறக்க ஓடினாள்.

சரக்கு வந்ததும் கடை வாசலில் ஒரு கருங்கல்லைப் போட்டு, பூட்டை வைத்து, சுத்தியலால் ஓங்கி ஓங்கி அடித்துக் காட்டி விற்றாள். தெருவே கூடிவிட்டது. தையல்காரர் வாங்கினார், மருந்துக்கடைக்காரர் வாங்கினார், வீட்டுக்கு வீடு வாங்கினார்கள். தன் கடை ஷட்டருக்கும் அதையே மாட்டினாள். நாத்தனார்கூட ஒன்று வாங்கினாள், அதுவும் பேரம் பேசாமல். போகிற போக்கில் தன் சந்தில் எல்லோரிடமும் சொல்லியும் வைத்தாள். அன்று அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும். காலையில் துறைமுக ஏஜென்ட்டோடு போனில் மல்லுக்கட்டிக்கொண்டே பூட்டைத் திறந்து, ஷட்டரைத் தூக்கி, உள்ளே நுழைந்தாள். எதிரே ஒரு தையல் மிஷின். "என் கடையில எவன் இதைக் கொண்டுவந்து வெச்சான்" என்று கோபம்கூட வந்துவிட்டது. பிறகுதான் சுவரில் தொங்கிய கால்சட்டைகள் கண்ணில் பட்டன. அவள் தன் சாவியால் தையல்காரர் கடையைத் திறந்துகொண்டு நடுவே நின்றிருந்தாள்.

போட்டது போட்டபடி இழுத்துப் பூட்டிவிட்டுத் தன் கடைக்குள் ஓடினாள். விற்காமல் மிஞ்சிய பூட்டுகளைக் கொட்டி, ஒரே சாவியை ஒவ்வொன்றாக நுழைத்தாள். அத்தனையும் சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளைகள்போலத் திறந்துகொண்டன. தங்கச்சிக்குச் செய்தி போனது. தங்கச்சி அக்காவின் பழைய செய்தியையே எடுத்துத் திருப்பி அனுப்பினாள்: எல்லாம் ஒரே மாதிரி. கூடவே ஒரு ரோஜாப்பூ.

அக்கா கணவரிடம் சொல்லி அழுதாள். அவர் யோசித்துவிட்டு, "பாத்துக்கலாம்" என்றார்.

"எதைப் பாக்குறது? எதிர் வீட்டுப் பீரோவையா?"

சங்கடம் அங்கேதான் இருந்தது. வெளியே சொன்னால், தெருவில் எல்லோர் கையிலும் எல்லோர் வீட்டுச் சாவியும் இருக்கிறது என்று சொன்னதாகிவிடும். திருடுகிற எண்ணமே இல்லாதவனுக்கும் கை அரிக்கும். சொல்லாமல் விட்டால், ஏதாவது ஒரு வீட்டில் ஒரு கரண்டி காணாமல் போனாலும் அந்தப் பாவம் அவள் தலையில்தான். ஆகவே விஷயம் கசிவதற்குள் கடைசிப் பூட்டுவரை திரும்பி வந்தாக வேண்டும். அடுத்த குடைச் சரக்குக்கு வைத்திருந்த பணத்தை எடுத்துக்கொண்டு மொத்த வியாபாரியிடம் போய் நல்ல பூட்டுகளாக வாங்கிவந்தாள்.

முதலில் மருந்துக்கடைக்காரரிடம் போனாள். "புது மாடல் வந்திருக்கு. பழசைக் குடுங்க, சும்மாவே மாத்தித் தரேன்."

அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "சும்மாவா? இதுக்கு என்ன கேடு? நீங்கதானே கல்லுல வெச்சு அடிச்சுக் காமிச்சீங்க. எனக்கு இதுவே போதும்."

வித்த வாய்க்குக் கிடைத்த தண்டனை என்று நொந்துகொண்டு வந்தாள். இனாம் என்றால் ஆளுக்கு ஆள் சந்தேகப்படுகிறார்கள். மறுநாள் தையல்காரரிடம் வேறு விதமாகப் பேசினாள். "வேண்டப்பட்டவங்களுக்கு மட்டும் கொஞ்சம் உசத்தியான பூட்டு எடுத்து வெச்சிருக்கேன். பழசைக் குடுத்துட்டு எடுத்துக்கோங்க. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் தெருவே பூட்டும் கையுமாக வாசலில் நின்றது. மருந்துக்கடைக்காரர்தான் முதல் ஆள். "நாங்க மட்டும் வேண்டாதவங்களா?" என்று மனத்தாங்கலோடு கேட்டார்.

தெரு முடிந்தது. ஆனால் நாத்தனாரின் சந்திலிருந்து ஒருவரும் வரவில்லை. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, புதுப் பூட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு அக்காவே கிளம்பினாள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்தாள். புது மாடல், உசத்தி, வேண்டப்பட்டவங்க. நாத்தனார் கதவைத் திறந்ததும் அத்தனையும் மறந்துபோயிற்று. கதவில் தொங்கியது வேறு பூட்டு.

"வாங்க அண்ணி. பூட்டு மாத்த வந்தீங்களா?" என்று கேட்டுவிட்டு நாத்தனார் உள்ளே போய் ஒரு துணிப்பையைத் தரையோடு இழுத்துவந்து போட்டாள். கனத்த சத்தம் கேட்டது. உள்ளே அக்காவின் பூட்டுகள், சந்தில் விற்ற அத்தனையும்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"மாடி வீட்டம்மா சாவியைத் தொலைச்சுட்டு, பூட்டு ரிப்பேர்காரரைக் கூட்டிட்டு வரப் போனாங்க. சும்மா இருக்காம நம்ம சாவியைப் போட்டுப் பாத்தேன். திறந்துக்கிச்சு. திரும்பப் பூட்டிட்டு ஒண்ணும் தெரியாதவ மாதிரி உள்ள வந்துட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொல்லத்தான் கடைக்கு வந்தேன். நீங்க சுத்தியலும் கையுமா நின்னு சிரிச்சுட்டிருந்தீங்க. உங்களை அவ்வளவு சந்தோஷமா நான் பாத்ததே இல்ல. வாய் வரல." நாத்தனார் முதல்முறையாகத் தலையைக் குனிந்துகொண்டாள். "வேற பூட்டு வாங்கிக் குடுத்து முதல்ல எங்க சந்தை மாத்திடுவோம், அப்புறம் உங்ககிட்ட வருவோம்னு இருந்தேன். அதுக்குள்ள நீங்களே ஆரம்பிச்சுட்டீங்க."

அவளுக்கு வாய் வராத நாளும் உண்டா என்று அக்கா திகைத்து நின்றாள். "என்ன சொல்லி வாங்கினே?"

"துருப்பிடிக்குதுன்னு சொன்னேன்."

அக்காவுக்குச் சுருக்கென்றது. "என் சரக்கா? துருப்பிடிக்குதா? உப்புத் தண்ணில போட்டு வெச்சிருக்கேன், வந்து பாரு. ஒரு புள்ளி கிடையாது."

"வேற என்னத்தைச் சொல்றது? எங்க அண்ணி ஊருக்கெல்லாம் ஒரே சாவியைக் குடுத்துட்டாங்கன்னா?"

எங்க அண்ணி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வாயிலிருந்து அப்படி ஒரு சொல்லை அக்கா கேட்டதில்லை. கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்க அந்தத் துணிப்பையைத் தூக்க முயன்றாள், கனம் தாங்கவில்லை. இருவருமாக ஆளுக்கொரு காதைப் பிடித்துத் தெருவரை தூக்கிவந்தார்கள். வரும் வழியில் நாத்தனார் இன்னொன்றும் சொன்னாள். அண்ணன் வேலை பார்க்கும் வேன் கம்பெனியில் வேனுக்கு ஒரு ஸ்பேனர் பெட்டி, பெட்டிக்கு ஒரு பூட்டு, தினமும் காணாமல்போகும் சாவிக்காக டிரைவர்கள் அடித்துக்கொள்கிறார்கள். ஒரே சாவியில் எல்லாப் பெட்டியும் திறந்தால் முதலாளி கும்பிட்டு வாங்கிக்கொள்வார். அப்படியே நடந்தது. அது தன்னுடைய யோசனை என்று கணவர் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கடை வாசலில் பையை இறக்கும்போது மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "அக்கா, அந்தப் பழைய பூட்டு துருப்பிடிக்குமாமே? பக்கத்துச் சந்துல சொல்லிக்கிறாங்க. அதான் மாத்தினீங்களா?"

அக்கா நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் வானத்தைப் பார்த்தாள்.

அக்கா பையின் வாயைச் சுருட்டி மூடினாள். "ஆமாங்க. கொஞ்சம் பிடிக்கும்."

ஜன்னலில் அந்தக் குவளை இன்னும் இருக்கிறது. தண்ணீர் வற்ற வற்ற அக்கா ஊற்றுகிறாள். நாத்தனார் வரும்போதெல்லாம் உட்காருவதற்கு முன்னால் அதை ஒருமுறை எட்டிப் பார்க்கிறாள்.

"என்ன அண்ணி, இன்னும் பிடிக்கலையா?"

"பிடிக்காது" என்கிறாள் அக்கா.