நீங்கும் காரணம்

ஆயிரத்து நானூறு பையன்கள் படிக்கிற அந்தக் கிறிஸ்தவப் பள்ளியில் எவனுக்கும் தலைமை ஆசிரியரான ஃபாதரைக் கண்டு பயமில்லை. அலுவலக ஜன்னலுக்குப் பின்னால் மூக்குக்கண்ணாடியோடு உட்கார்ந்திருக்கும் எழுத்தரைக் கண்டால்தான் பயம். மாற்றுச் சான்றிதழை, அதாவது டீசியை, எழுதுவது அவள்தான். அதனால் அவளுக்கு டீசியம்மா என்றே பெயர் நிலைத்துவிட்டது. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

இருபத்திரண்டு வயதில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே உடற்பயிற்சி ஆசிரியராக இருந்த அப்பா மைதானத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து இறந்தார். அந்த இரக்கத்தில் கிடைத்த வேலை. கட்டடத்தில் அவள் ஒருத்திதான் பெண். பெண்களுக்குக் கழிவறை கிடையாது. இரண்டு வருடம் சாலையைக் கடந்து கன்னியர் மடத்துக்குப் போய்வந்தாள். மூன்றாம் வருடம் வீட்டிலிருந்து ஒரு பூட்டைக் கொண்டுவந்து, ஆசிரியர்களின் கழிவறைகளில் ஒன்றுக்குப் போட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். அப்போதிருந்த ஃபாதர் கூப்பிட்டு விசாரித்தார்.

"உடைக்கிறதுன்னா உடைங்க ஃபாதர். நாளைக்கு வேற பூட்டு வாங்கிட்டு வருவேன்."

யாரும் உடைக்கவில்லை. அப்பேர்ப்பட்ட வாய்க்காரிதான் பிற்பாடு பதினெட்டு வருடம் வாயைத் திறக்காமல் இருந்தாள். அந்த வெட்கக்கேட்டையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

பள்ளியின் வாசலில் ஒரு பலகை உண்டு. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு, தொடர்ந்து நூறு சதவீதம் தேர்ச்சி என்று எழுதி, வருடா வருடம் எண்ணிக்கையை மாற்றுவார்கள். பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். உள்ளே நடந்தது வேறு. ஒன்பதாம் வகுப்பில் தட்டுத்தடுமாறித் தேறியவர்களின் பட்டியல் ஒன்று கோடை விடுமுறையில் தயாராகும். அவர்களுடைய பெற்றோரைக் கூப்பிட்டு, 'என் மகனை வேறு பள்ளியில் சேர்க்க விரும்புகிறேன்' என்று தயாராகத் தட்டச்சு செய்த கடிதத்தில் கையெழுத்து வாங்குவார்கள். ஒரு வருடம் ஏழு பேர், இன்னொரு வருடம் பன்னிரண்டு. டீசியில் 'பள்ளியை விட்டு நீங்கும் காரணம்' என்றொரு கட்டம் இருக்கிறது. அதில் டீசியம்மா, 'பெற்றோர் விருப்பத்தின்பேரில்' என்று முத்து முத்தாக எழுதுவாள். ஆகாத பையன்களை வெளியே கொட்டிவிட்டு மிச்சத்தை வைத்து நூறு வாங்குவதற்குப் பள்ளிக்கூடம் எதற்கு, ஒரு சல்லடை போதாதா? இதை அவளும் மனசுக்குள் கேட்டிருக்கிறாள். கேட்டுவிட்டு அடுத்த தாளைப் புரட்டியிருக்கிறாள்.

அவளுடைய முதுகுக்குப் பின்னாலிருந்த இரும்பு அலமாரியில் பள்ளியின் நூற்றுப்பத்து வருடச் சேர்க்கைப் பதிவேடுகள் இருந்தன. குதிரை லாயம் ஒன்றில் பதினோரு பையன்களோடு பள்ளியைத் தொடங்கிய வெளிநாட்டுப் பாதிரியார், தானே தமிழ் கற்றுக்கொண்டு, கோணல் எழுத்தில் எழுதிய பதிவேடும் அதில் ஒன்று. அதிலும் இதே கட்டம் உண்டு. 'அம்மை கண்டு இறந்தான்.' 'அச்சாபீசில் வேலை கிடைத்தது.' 'சொல்லாமல் ஓடிவிட்டான், நல்ல பையன்.' ஒரு பெயருக்கு எதிரே மட்டும், 'போகவில்லை. மூன்றாம் முறையும் தோற்றான். இருக்கிறான்' என்று இருந்தது. போகாதவனுக்கு அந்தக் கட்டத்தில் என்ன எழுத்து என்று டீசியம்மா முதலில் சிரித்தாள். பிறகு அந்தப் பக்கத்தைப் பார்ப்பதையே தவிர்த்தாள்.

அந்த வருடப் பட்டியலில் ஒன்பது பேர். முதலில் வந்தவள் வீட்டிலேயே மெஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைக்கிற ஒரு தையல்காரி. கழுத்தில் அளவு நாடாகூட அப்படியே தொங்கியது. முந்தைய வருடங்களில் வந்தவர்களைப் போலச் சொன்ன இடத்தில் கையெழுத்துப் போடாமல், கடிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"விரும்புகிறேன்னு போட்டிருக்கே. யார் விரும்புறாங்க?"

"நீங்கதாம்மா."

"நான் விரும்பலையே. எம்புள்ள பாஸாயிட்டான்ல? பாஸான புள்ளைய எதுக்கும்மா நான் வேணாம்னு சொல்லப் போறேன்?"

டீசியம்மாவுக்குச் சுருக்கென்றது. பதினெட்டு வருடமாக அவள் பொய் எழுதினாள் என்பதுகூட இல்லை. அந்தப் பொய்யைப் பெற்ற தாய்மார்களின் தலையில் கட்டியிருந்தாள். நாளைக்கு அந்தப் பையனே எடுத்துப் படித்தால், அம்மாதான் வெளியே தள்ளினாள் என்றல்லவா இருக்கும்? கை நீட்டிக் கடிதத்தை வாங்கிக்கொண்டாள்.

"போடாதீங்க. வீட்டுக்குப் போங்க."

அன்று வந்த மற்ற எட்டுப் பேருக்கும் அதே பதில்தான். மாலையில் ஃபாதர் எட்டிப் பார்த்து, "லெட்டர் அப்புறம் வாங்கிக்கலாம். டீசி ஒன்பதும் காலையில என் மேசைக்கு வந்துடணும்," என்றார்.

"வந்துடும் ஃபாதர்."

இரவுச் சாப்பாட்டின்போது விஷயத்தைச் சொன்னாள். பேருந்து நடத்துனரான வீட்டுக்காரர் சோற்றிலிருந்து கையை எடுத்தார்.

"ரிட்டயராக இன்னும் மூணு வருஷம். பல்லைக் கடிச்சிக்கிட்டு ஓட்டிட்டா என்ன?"

"பதினெட்டு வருஷமா கடிச்சதுல பல்லே தேஞ்சு போச்சுங்க."

அவர் மறுபடி சோற்றைப் பிசைந்தார். பிறகு, "எழுதறதுதான் எழுதறே, அடிச்சுத் திருத்தாம எழுது," என்றார்.

மறுநாள் ஃபாதரின் மேசையில் ஒன்பது டீசிகளும் இருந்தன, புத்தகத்திலிருந்து கிழிக்கப்படாமல். காரணம் என்ற கட்டத்தில் ஒன்பதிலும் ஒரே வரி: 'ஒன்பதாம் வகுப்பில் தேறியவன். பத்தாம் வகுப்பில் பள்ளியின் நூறு சதவீதம் குறைந்துவிடும் என்று நிர்வாகம் அஞ்சுவதால் அனுப்பப்படுகிறான்.'

ஃபாதரின் முகத்தில் ஈயாடவில்லை. "யாரைக் கேட்டு இதை எழுதினீங்க?"

"அலமாரியில இருக்கிற முதல் பதிவேட்டைக் கேட்டு."

"விளையாடாதீங்கம்மா. கிழிச்சுப் போட்டுட்டு வேற எழுதுங்க."

"வரிசை எண் போட்ட தாளு ஃபாதர், கிழிக்க முடியாது. ரத்துன்னு எழுதிப் புத்தகத்துலயே விடணும். தணிக்கைக்கு வர்ற அதிகாரி ஒண்ணொண்ணாப் புரட்டிப் படிப்பாரு. நீங்க கையெழுத்துப் போட்டா, சேர்க்கப்போற பள்ளிக்கூடத்துல படிப்பாங்க. எப்படின்னாலும் யாராவது ஒருத்தர் படிச்சுத்தான் ஆகணும். எது வசதின்னு நீங்களே சொல்லுங்க."

ஃபாதர் கெட்டவர் இல்லை. போன ஃபாதர் விட்டுப்போன பலகையைத் தன் காலத்தில் இறக்கினால் மேலிடம் சும்மா விடுமா என்ற பயம்தான் அவருக்கு. ஆனால் பயந்தவர் கையில் அதிகாரம் இருந்தால் கெட்டவர் செய்கிற வேலையைத்தான் அவரும் செய்வார். அன்று மதியமே மெமோ கொடுத்தார். மூன்று நாளில் எழுத்துமூலம் விளக்கம் தரவேண்டும். டீசியம்மா மூன்று நிமிடத்தில் தந்தாள். 'இப்போது எழுதியது உண்மை. பதினெட்டு வருடமாக எழுதியது பொய். எதற்கு விளக்கம் வேண்டும்?'

அதற்குப் பதில் வரவில்லை. டீசிப் புத்தகம் ஃபாதரின் மேசையிலேயே கிடந்தது. கையெழுத்தும் ஆகவில்லை, ரத்தும் ஆகவில்லை. டீசி போகாத பையன் பள்ளியில் இருக்கிற பையன்தான். டீசியம்மா பத்தாம் வகுப்பு வருகைப் பதிவேட்டைத் திறந்து ஒன்பது பெயர்களையும் எழுதினாள். தையல்காரியின் மகன் பெயரை எழுதும்போது அவளுக்குக் கண் கலங்கியது. முன்பு எழுதி அனுப்பிய நூற்றுச்சொச்சம் பையன்களுக்கு இனி எந்தப் பதிவேட்டிலும் இடமில்லை என்பதும் தெரிந்திருந்தது.

பள்ளி திறந்த அன்று ஜெபமணி அடித்த பிறகும் ஒன்பது பேரும் அலுவலக ஜன்னலுக்கு வெளியே மிரண்டுபோய் நின்றார்கள். வகுப்புக்குப் போகலாமா என்று கேட்க எவனுக்கும் நாக்கு எழவில்லை.

"இங்க என்னடா வேடிக்கை? பத்து பி, மாடியில. ஓடுங்க!"

படிக்கட்டு அதிர ஓடினார்கள். வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஃபாதர், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "இதுல ரெண்டு பேர் ஃபெயிலாயிட்டா என்னம்மா பண்ணுவீங்க?"

"ஆகட்டும் ஃபாதர். ஃபெயிலாகறதுக்கும் ஒரு பள்ளிக்கூடம் வேணுமே."